கண்ணே அளவுகோலாகும்போது: பார்வைக் குறைபாடுடைய குழந்தைகளின் சமூகத்திறன் ஆய்வுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பார்வைக் குறைபாடுடைய குழந்தைகளின் சமூகத்திறனை வளர்க்கும் நோக்கில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் நிகழ்ந்துவருகின்றன. அவற்றுள் பல, பார்வையுள்ள குழந்தையின் நடத்தையை இயல்பெனக் கொண்டு, அதிலிருந்து விலகுவதைக் குறையெனப் பதிவு செய்கின்றன. இவ்வாய்வுகள் கையாளும் வரையறைகள், அளவுகோல்கள், உற்றுநோக்கல் முறைகள், இடையீட்டு வடிவங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. திறன் இல்லாமை, திறனைச் செயற்படுத்தாமை என்னும் இரு வகைப்பாட்டோடு, சமூகக் குறிப்பு குழந்தையைச் சென்றடையாமை என்னும் மூன்றாவது வகையும் சேர்க்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ்ச்சூழலின் விளிமுறைகளும் மரியாதை வழக்குகளும் மொழிபெயர்க்கப்பட்ட அளவுகோல்களில் இடம்பெறாமல் போவதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்

பார்வைக் குறைபாடு, சமூகத்திறன், அளவுகோல், ஏற்புடைமை, உள்ளடங்கிய கல்வி, ஒப்பார் குழு, மெய்ப்பாடு.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர்; அவர்களுள் பார்வை தொடர்பான குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பார்வையின்மை, குறைபார்வை ஆகிய இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது; கல்வி நிறுவனங்கள் உள்ளடங்கிய கல்வியை வழங்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. இச்சட்டத்தின் விளைவாகவும், அதற்கு முன்பே 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் தொடர்ச்சியாகவும், பார்வைக் குறைபாடுடைய குழந்தைகள் பொதுப்பள்ளிகளில் பயிலும் நிலை உருவாகியுள்ளது. பிரெயில் நூல், எழுத்தர் உதவி, திரைவாசிப்பான் ஆகியவை குறித்துக் கல்வியுலகம் ஓரளவு பேசியிருக்கிறது. இடைவேளையில் அக்குழந்தை யாரோடு பேசுகிறது, யாரோடு உண்கிறது, யார் அதை விளையாட அழைக்கிறார்கள் என்பன போன்ற வினாக்களே இன்னும் போதிய கவனம் பெறாதவை.

இவ்வினாக்களுக்கு விடை காணும் துறையாகச் சமூகத்திறன் ஆய்வுகள் அமைகின்றன. என் முனைவர் பட்ட ஆய்வும் இத்துறையைச் சார்ந்ததே. முன்னோட்டக் களப்பணியின்போது நான் செய்த ஒரு பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அப்பிழை என் கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததா, நான் கையில் வைத்திருந்த கருவியின் இயல்பால் நேர்ந்ததா என்பதைத் தேடியபோது கிடைத்த சிந்தனைகளே இங்கு முறைப்படுத்தப்பட்டுள்ளன.

1. சமூகத்திறன்: வரையறையும் அதன் மறைமுக எடுகோளும்

பிறரோடு பழகுவதற்கும், உறவைத் தொடங்கித் தொடர்வதற்கும், ஒரு சூழலில் ஏற்கப்படுவதற்கும் தேவையான கற்றுக்கொள்ளப்படும் நடத்தைகளே சமூகத்திறன்கள் என்பது இத்துறையினர் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் விளக்கம். இவ்விளக்கத்தில் ‘கற்றுக்கொள்ளப்படும்’ என்னும் சொல் முதன்மையானது. பார்வையுள்ள குழந்தை இத்திறன்களுள் பெரும்பகுதியை யாரும் கற்பிக்காமலே, பிறரைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. பேச்சில் தன் முறை எப்போது வரும், ஒருவர் சலித்துப்போனதை எப்படி அறிவது, கூட்டத்தில் எப்படி நுழைவது என்பனவெல்லாம் இத்தகைய தற்செயல் கற்றலால் அமைபவை. பார்வைக் குறைபாடுடைய குழந்தைக்கு இவ்வாயில் குறைவாகவே திறந்திருக்கிறது. ஆகவே அதற்குச் சமூகத்திறன்களைத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

அமெரிக்கக் கல்வியாளர் ஃபில் ஹாட்லன் 1996இல் முன்வைத்த பாடத்திட்டக் கருத்து இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பொதுப்பாடங்களுக்கு அப்பால் பார்வைக் குறைபாடுடைய மாணவர்களுக்குத் தனியே கற்பிக்கப்பட வேண்டிய துறைகளை அவர் வகைப்படுத்தினார். இன்று ஒன்பது துறைகளாக அறியப்படும் அப்பட்டியலில் சமூக ஊடாட்டத் திறனும் ஒன்று. ஷாரன் சாக்ஸ், கேரன் உல்ஃப் ஆகியோர் 2006இல் தொகுத்த நூல், கோட்பாட்டிலிருந்து வகுப்பறை வரை இத்திறன்களைக் கற்பிக்கும் முறைகளைப் பேசுகிறது. இந்தியச் சிறப்புக் கல்வி ஆசிரியப் பயிற்சியில் ‘பிளஸ் கரிக்குலம்’ என்று வழங்கும் கூடுதல் பாடத்திட்டத்திலும் சமூகத்திறன் இடம்பெறுகிறது.

இம்முயற்சிகளின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் இவற்றின் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது. சமூக ஊடாட்டம் என்பது இருவர் அல்லது பலருக்கு இடையே நிகழ்வது. அது தடைப்படும்போது, தடை ஒருவரிடத்தில் மட்டுமே இருப்பதாகக் கொண்டு, அவருக்கு மட்டும் பயிற்சி அளிக்கப்படுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் ஸ்காட் 1969இலேயே, பார்வையற்றோரின் நடத்தை எனக் கருதப்படுபவற்றுள் பல பார்வையின்மையிலிருந்து நேரே விளைபவை அல்ல, பார்வையுள்ளோரும் நிறுவனங்களும் அவர்களிடம் எதிர்பார்ப்பவற்றிலிருந்து விளைபவை என்று வாதிட்டார். சமூகத்திறன் ஆய்வுகள் இவ்வாதத்தை முழுமையாக உள்வாங்கியதாகத் தெரியவில்லை.

2. அளவுகோல்களின் வழிவந்த சிக்கல்

குழந்தைகளின் சமூக முதிர்ச்சியை அளக்க எட்கர் டால் 1935இல் உருவாக்கிய வைன்லாண்டு அளவுகோல் நீண்ட வரலாறுடையது. மாலின் செய்த இந்தியத் தழுவல் நம் நாட்டில் பரவலாகப் பயன்பட்டுவருகிறது. இவ்வளவுகோலைப் பார்வையற்ற குழந்தைகளுக்கு அப்படியே பயன்படுத்துவது பொருந்தாது என்பதை ஆய்வாளர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். பள்ளிப் பருவத்துக்கு முந்தைய பார்வையற்ற குழந்தைகளுக்கெனத் தனியான சமூக முதிர்ச்சி அளவுகோலை மேக்ஸ்ஃபீல்டு, புக்கோல்ஸ் ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்டமை இதற்குச் சான்று. பார்வையற்ற குழந்தையைப் பார்வையற்ற குழந்தைகளோடு ஒப்பிட வேண்டும் என்னும் நியாயமான எண்ணம் அதில் செயல்பட்டது.

ஆயினும் அளவுகோலைத் தழுவும்போது செய்யப்படும் மாற்றம் வழக்கமாக இரு வகையில் முடிந்துவிடுகிறது. ஒன்று, பார்வையை வெளிப்படையாக வேண்டும் கூற்றுகளை நீக்குவது. மற்றொன்று, எதிர்பார்க்கும் வயதை உயர்த்துவது. இவ்விரண்டும் அளவுகோலைச் சுருக்குகின்றனவே அன்றி மாற்றுவதில்லை. பார்வையின்றி வாழும் குழந்தை வேறு வழிகளில் வளர்த்துக்கொள்ளும் திறன்களுக்கு அதில் இடமே உண்டாவதில்லை. காலடியோசையால் ஆளை அறிதல், குரலின் தழுதழுப்பால் துயரை உணர்தல், வகுப்பின் இரைச்சல் திடீரென அடங்குவதைக் கொண்டு ஆசிரியர் நுழைந்ததை அறிந்து அமைதியாதல் ஆகியவை சமூகத்திறன்கள்தாம். பார்வையுள்ள குழந்தைக்கு இவை தேவைப்படாமையால் எந்தப் பட்டியலிலும் இவை இடம்பெறவில்லை.

கிரெஷாம், எலியட் ஆகியோர் 1990இல் வெளியிட்ட சமூகத்திறன் தர அளவுகோல் ஆசிரியர், பெற்றோர், மாணவர் ஆகிய மூவரிடமும் தகவல் பெறும் அமைப்புடையது. ஒரு குழந்தையை ஒருவர் கண்ணால் மட்டும் மதிப்பிடலாகாது என்னும் வகையில் இது முன்னேற்றமே. கிரெஷாம் செய்த மற்றொரு பாகுபாடும் பயனுடையது. ஒரு குழந்தைக்குத் திறனே இல்லாதிருக்கலாம். அல்லது திறன் இருந்தும் அதைச் செயற்படுத்தாதிருக்கலாம். முன்னதற்குக் கற்பித்தலும் பின்னதற்கு ஊக்கமும் மருந்தாகும்.

பார்வைக் குறைபாடுடைய குழந்தையிடம் இப்பாகுபாட்டைப் பொருத்திப் பார்க்கும்போது ஓர் இடைவெளி புலப்படுகிறது. எதிரில் வந்த தோழன் ஓசையின்றிப் புன்னகைக்கிறான். குழந்தை பதிலுக்குப் புன்னகைக்கவில்லை. இக்குழந்தைக்குப் புன்னகைக்கத் தெரியும். புன்னகைக்க விருப்பமும் உண்டு. புன்னகைக்க வேண்டிய தருணம் வந்தது என்னும் செய்திதான் அதற்குக் கிட்டவில்லை. இது திறனின்மையும் அன்று, செயற்படுத்தாமையும் அன்று. குறிப்பு சென்றடையாமை என்று இதனை மூன்றாவது வகையாகக் கொள்ள வேண்டும். இவ்வகைக்குரிய மருந்து குழந்தையிடத்தில் மட்டும் இல்லை. குறிப்பை அனுப்புபவரிடத்தில் பெரும்பகுதி இருக்கிறது. தர அளவுகோல் மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் காட்டுவதால், மூன்றாவது வகைக்கும் முதல் வகைக்குரிய பயிற்சியே அளிக்கப்படுகிறது.

3. உற்றுநோக்கலில் நேரும் பிழை: ஒரு களக்குறிப்பு

விளையாட்டை உற்றுநோக்கும் ஆய்வுகளில் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வகுத்த ஆறு நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. ஈடுபாடின்மை, தனி விளையாட்டு, பார்வையாளர் நிலை, இணைப்போக்கு விளையாட்டு, தோழமை விளையாட்டு, கூட்டுறவு விளையாட்டு என்பன அவை. இவற்றுள் பார்வையாளர் நிலை என்பது, தான் விளையாடாமல் பிறர் விளையாடுவதைக் கவனித்து, இடையிடையே அவர்களிடம் பேசும் நிலை. ஈடுபாடின்மையினும் இது உயர்ந்தது. கூட்டத்தில் சேர்வதற்கான ஆயத்தமாகவும் இதனைக் கருதுவர்.

நான் உற்றுநோக்கிய பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு பயிலும் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். இடைவேளை முழுவதும் தாழ்வாரப் படியில் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். அவன் முகம் மைதானத்தின் பக்கம் இல்லை, சுவரின் பக்கம் திரும்பியிருந்தது. ஈடுபாடின்மை என்னும் கட்டத்தில் தொடர்ந்து குறியிட்டேன். மூன்று நாட்களும் அவ்வாறே. மூன்றாம் நாள் மணி அடித்தபின், வகுப்புக்கு அழைத்துச் செல்லும்போது அவனிடம் பேச்சுக்கொடுத்தேன். அன்று ஓடிப்பிடித்து விளையாடியவர்கள் யார் யார், எவன் விழுந்தான், விழுந்தவன் யார்மீது பழிபோட்டான், எவளுக்கு அதில் கோபம் என்பதை அவன் வரிசையாகச் சொன்னான். ‘நீ ஏன் போகவில்லை?’ என்றேன். ‘யாரும் கூப்பிடலையே சார்’ என்றான்.

அவன் மூன்று நாட்களும் பார்வையாளர் நிலையில்தான் இருந்திருக்கிறான். செவியை மைதானத்தின் பக்கம் கொடுத்ததால் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பார்ட்டனின் விளக்கம் பார்ப்பதோடு கேட்பதையும் உட்கொண்டதே. களத்தில் நான் தேடியதோ தலையின் திருப்பத்தையும் கண்ணின் திசையையும் மட்டுமே. என் தாளின்படி, அவனுக்குப் பிற குழந்தைகளில் ஆர்வத்தை உண்டாக்கும் பயிற்சி தேவை. அவன் சொன்னபடி, அவனை அழைக்கும் பழக்கம் பிற குழந்தைகளுக்கு உண்டாக வேண்டும். இரண்டும் முற்றிலும் வேறான திட்டங்கள். தவறான பதிவிலிருந்து பிறக்கும் திட்டம் அக்குழந்தையின் நேரத்தையே உண்ணும். அவனிடம் இல்லாத ஒரு குறையை அவன்மேல் ஏற்றி, பள்ளிப் பதிவேட்டிலும் நிலைக்கச் செய்யும்.

இவ்விடத்தில் ஆய்வு முறையியல் சார்ந்த ஒரு கருத்தும் தோன்றுகிறது. உற்றுநோக்கலின் நம்பகத்தன்மையை நிறுவ இரண்டு உற்றுநோக்கர்களின் பதிவுகளை ஒப்பிடுவது வழக்கம். அன்று என்னோடு பார்வையுள்ள மற்றோர் ஆய்வாளர் இருந்திருந்தால் அவரும் ஈடுபாடின்மை என்றே குறித்திருக்கக்கூடும். எங்கள் உடன்பாடு மிக உயர்ந்ததாக அமைந்திருக்கும். இருவரும் ஒரே திசையில் தவறும்போது நம்பகத்தன்மை உயர்கிறது, ஏற்புடைமை வீழ்கிறது. பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரையேனும் உற்றுநோக்கர் குழுவில் சேர்ப்பது இதற்கு ஒரு தீர்வாகலாம்.

செல்மா ஃபிரைபர்க் 1977இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் இன்றும் பாடமாக நிற்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற கைக்குழந்தைகளின் முகத்தில் உணர்ச்சி வெளிப்பாடு குறைவாக இருந்ததால், குழந்தைக்குத் தம்மிடம் பற்றில்லை என்று தாய்மார் சோர்வுறும் நிலை இருந்தது. ஃபிரைபர்க் குழுவினர் முகத்தை விடுத்துக் கைகளைக் கவனித்தனர். விருப்பமும் தேடலும் விரல்களின் அசைவில் வெளிப்படுவதைக் கண்டனர். அதனைத் தாய்மாருக்கும் காட்டினர். பார்க்கும் இடத்தை மாற்றியதால் உறவு மாறிய நிகழ்வு இது. ஃபிரைபர்க்கின் உளப்பகுப்பாய்வுச் சட்டகத்தோடு உடன்படாதவர்களும் இம்முறையியல் பாடத்தை ஏற்கலாம்.

4. இடையீட்டு ஆய்வுகள்: பயனும் எல்லையும்

இடையீட்டு ஆய்வுகளுள் ஒற்றையாள் வடிவமைப்பு மிகுதியாகக் கையாளப்படுகிறது. பார்வைக் குறைபாடுடைய குழந்தைகள் பல பள்ளிகளில் ஓரிருவராகச் சிதறியிருப்பதால் இது இயல்பே. பேசுபவர் பக்கம் முகத்தைத் திருப்புதல், உரையாடலைத் தொடங்குதல், முறைவைத்துப் பேசுதல் போன்ற நடத்தைகள் ஒவ்வொன்றாகப் பயிற்றுவிக்கப்பட்டு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எண்ணப்படுகின்றன. பயிற்சிக் காலத்தில் எண்ணிக்கை உயர்வதும், பயிற்சி நின்றபின் குறைவதும், பயிற்சி அறைக்கு வெளியே பரவாமையும் இத்துறையில் நெடுநாளாகப் பேசப்படும் சிக்கல்கள்.

இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டவை திவ்யா ஜிந்தால்-ஸ்னேப்பின் ஆய்வுகள். 2004, 2005ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் அவர் தன்மதிப்பீட்டையும், சூழலில் இருப்போர் தரும் பின்னூட்டத்தையும் மையப்படுத்தினார். இதன் அடிப்படை எளிமையானது. பார்வையுள்ள குழந்தை தன் செயல் எப்படி ஏற்கப்பட்டது என்பதைப் பிறர் முகத்தில் உடனே படித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பார்வையற்ற குழந்தைக்கு அம்முகம் பேசுவதில்லை. பிறர் அதைச் சொல்லாகத் தந்தால் குழந்தை தானே தன்னை மதிப்பிடும். இங்குப் பிறருடைய பொறுப்பும் ஆய்வின் பகுதியாகிறது. பின்னூட்டம் நின்றுபோகும் சூழலில் திறன் மங்குவது குழந்தையின் மறதியால் அன்று, செய்தி வரும் வழி அடைபட்டதால் என்பதையும் இதன்வழி விளக்க முடிகிறது.

டி’ஆல்யூரா 2002இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்கு முந்தைய பருவத்துக் குழந்தைகளின் சிறப்பு வகுப்பையும், பார்வையுள்ள குழந்தைகளும் கலந்த வகுப்பையும் ஒப்பிட்டது. கலந்த வகுப்பில் கூட்டுக்கற்றல் உத்திகளும் கையாளப்பட்டன. இவ்விரண்டாவது கூறு கவனிக்கத்தக்கது. கலந்து அமர்த்துவது மட்டுமே நட்பை உண்டாக்காது. ஒருவரின்றி மற்றவர் முடிக்க இயலாத செயல் ஒன்று இருவருக்கும் நடுவே வைக்கப்பட வேண்டும்.

நம் சூழலில் உள்ளடங்கிய கல்வி, பல இடங்களில், அமர்த்துவதோடு நின்றுவிடுகிறது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள், பல வகையான குறைபாடுடைய குழந்தைகள். அவர் வரும் நாளில் குழந்தையைத் தனியே அழைத்துப் பிரெயிலும் கணிதமும் கற்பிக்கவே நேரம் போதாது. அந்நேரம் விளையாட்டு வேளையாகவோ ஓவிய வேளையாகவோ அமைந்துவிட்டால், ஊடாட்டத்துக்கு வாய்ப்புள்ள வேளையே குழந்தையிடமிருந்து எடுக்கப்படுகிறது. சமூகத்திறன் குன்றியதாக அளவுகோல் காட்டும் குழந்தை, சமூகத்தோடு பழகும் வேளையை இழந்த குழந்தையாகவும் இருக்கக்கூடும். அளவுகோல் முன்னதைப் பதிகிறது. பின்னதைப் பதிய அதில் கட்டம் இல்லை.

இதற்கு எதிரிடையான சான்று பார்வையற்றோர் கிரிக்கெட்டில் கிடைக்கிறது. பந்தினுள் ஒலி எழுப்பும் குண்டுகள் இடப்பட்டுள்ளன. பந்துவீச்சாளர் மட்டையாளர் ஆயத்தமா என்று கேட்டு, விடை பெற்று, வீசும்போது குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. பார்வை முற்றிலும் அற்றோர் முதல் ஓரளவு பார்வையுடையோர் வரை மூவகை ஆட்டக்காரர்களும் அணியில் இடம்பெற வேண்டும் என்பதும் விதி. இவ்விளையாட்டுக்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998இல் புதுதில்லியில் நடைபெற்றது. பந்து எப்போது வரும் என்பதை ஊகிக்கும் பயிற்சி இதில் யாருக்கும் அளிக்கப்படவில்லை. செய்தியைச் சொல்லும் கடமை எதிராளியின்மேல் விதியாக வைக்கப்பட்டது. சமூகத்திறன் இடையீடு இவ்வாறும் அமையலாம். நம் பல்லாங்குழியும் தொட்டு எண்ணி ஆடத்தக்கது. எடுத்த குழியையும் விழுந்த காய்களையும் வாய்விட்டுச் சொல்லும் ஒரு விதியைச் சேர்த்தால் இரு குழந்தைகளும் சமநிலையில் ஆடலாம்.

5. தமிழ்ச்சூழலும் மொழிபெயர்ப்பில் விடுபடுவனவும்

ஆங்கிலத்தில் உருவான அளவுகோல்களைத் தமிழாக்கிப் பயன்படுத்தும் ஆய்வுகளில் மொழியாக்கத்தின் சரிபார்ப்புக்குத் தரப்படும் கவனம், பண்பாட்டுப் பொருத்தத்துக்குத் தரப்படுவதில்லை. கண்ணோடு கண் நோக்கிப் பேசுதலை உயர்ந்த சமூகத்திறனாகக் கொள்வது ஒரு பண்பாட்டின் மதிப்பீடு. ஆசிரியரும் பெரியவரும் பேசும்போது பார்வையைத் தாழ்த்தி நிற்பதை அடக்கமாகக் கருதும் வழக்கம் நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் இன்னும் உண்டு. பார்வையுள்ள பிள்ளைக்குப் பணிவெனப்படும் தலைகுனிவு, பார்வையற்ற பிள்ளைக்குக் குறையெனப் பதிவாவது முரண்.

மறுபுறம், தமிழில் எழும் சில தேவைகள் எந்த அளவுகோலிலும் இல்லை. ஒருவரை விளிக்கும்போதே நீ, நீங்கள் என்னும் தேர்வைச் செய்தாக வேண்டும்; அண்ணன், தம்பி, அக்கா, மாமா, ஐயா என உறவுப்பெயரையும் தேர்ந்தாக வேண்டும். பார்வையுள்ள குழந்தை நரையையும் உயரத்தையும் உடையையும் பார்த்து நொடியில் முடிவெடுக்கிறது. பார்வையற்ற குழந்தை குரலைக் கொண்டே வயதையும் உறவையும் மதிப்பிட்டு முதற்சொல்லைச் சொல்ல வேண்டும். தவறினால் மரியாதை தெரியாத பிள்ளை என்னும் பழி. சரியாகச் சொன்னால் யாரும் கவனிப்பதில்லை. இது மிக நுண்ணிய சமூகத்திறன். இதனை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை.

கைகூப்பி ஓசையின்றி வணங்கும் பெரியவருக்கு மறுவணக்கம் செய்யாத குழந்தையும் இவ்வாறே பழிக்கப்படும். ‘இதை அங்கே வை’, ‘அதோ அவனிடம் கொடு’ என்று விரல் சுட்டிப் பேசும் ஆசிரியரின் சொல், சுட்டும் விரலைக் காணாத குழந்தைக்கு முற்றுப்பெறாத வாக்கியம். ‘நான் யார், சொல் பார்க்கலாம்’ என்று தோளைத் தொட்டு விளையாட்டாகச் சோதிப்போர் பலர். அன்பாகவே செய்யப்படும் இச்செயல் குழந்தையை ஒவ்வொரு சந்திப்பிலும் தேர்வு எழுத வைக்கிறது. பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவதும், விலகிச் செல்லும்போது சொல்லிவிட்டுச் செல்வதும் பார்வையுள்ளோர் கற்க வேண்டிய சமூகத்திறன்கள். மதியிறுக்கம் உடையோர் குறித்து டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த இருதரப்புப் புரிதல் சிக்கல் என்னும் கருத்து இங்கும் பொருந்துகிறது. புரியாமை இருபுறமும் இருக்க, ஒருபுறத்தார் மட்டும் குறையுடையோர் எனப் பெயர் பெறுகின்றனர்.

குறிப்பை உணர்தல் குறித்துத் தமிழ் மரபு நெடிது சிந்தித்துள்ளது. திருக்குறளின் 71ஆம் அதிகாரமான குறிப்பறிதல் முகத்தையும் கண்ணையும் குறிப்பின் இருப்பிடமாகக் கொள்கிறது. அதன் இறுதிக் குறள் நுண்ணறிவினரின் அளவுகோல் கண்ணே என்னும் பொருள் தருவது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பாவோ, மெய்ப்பாட்டின் நயத்தைத் தெளிவாக உணரும் வாயில்களாகக் கண்ணோடு செவியையும் சேர்த்துக் கூறுகிறது. குறள் அரசவைச் சூழலையும் தொல்காப்பியம் செய்யுட் சூழலையும் நோக்கிக் கூறியவை; இவற்றைக் குழந்தை உளவியலுக்கு நேரே பொருத்துவது பொருந்தாது. ஆயினும் உணர்ச்சியை அறிதல் என்பதை முகம் படித்தலாக மட்டும் சுருக்காத ஒரு பார்வை நம் இலக்கண மரபில் இருக்கிறது என்பதை, புதிய அளவுகோல் ஆக்குவோர் நினைவிற்கொள்ளலாம். குரலின் ஏற்ற இறக்கம், மௌனத்தின் நீளம், மூச்சின் விரைவு ஆகியவற்றால் உணர்ச்சியை அறியும் திறனுக்கும் மதிப்பெண் உண்டாக வேண்டும்.

6. எதிர்வாதமும் அதன் நியாயமும்

இத்திறனாய்வுக்கு ஒரு வலிமையான மறுப்பு உண்டு. சமூகம் மாறும்வரை குழந்தை காத்திருக்க இயலாது. நாளை நேர்காணலில் அமரப்போகும் இளைஞன் எதிரிலிருப்பவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசக் கற்றிருந்தால் அது அவனுக்கே நன்மை என்பர். உடலை முன்னும் பின்னும் ஆட்டுதல், கண்ணை அழுத்துதல் போன்ற பழக்கங்கள் பிறரை விலகச் செய்யும் என்பதை யாரேனும் சொல்லாவிட்டால் குழந்தை எப்படி அறியும் என்றும் வினவுவர்.

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. எல்லாப் பயிற்சியும் ஒடுக்குமுறை என்று கூறுவது, தகவல் இல்லாத நிலையிலேயே குழந்தையை விட்டுவிடுவதாகும். பிறர் எப்படிக் காண்கிறார்கள் என்பதை அறியும் உரிமை பார்வையற்ற குழந்தைக்கும் உண்டு. ஆனால் அறியத் தருவதும் இணங்கச் செய்வதும் ஒன்றல்ல. ‘முகத்தைத் திருப்பு’ என்று கட்டளையிட்டு எண்ணிக்கையைக் கூட்டுவது ஒரு முறை. ‘நீ முகத்தைத் திருப்பினால், பேசுபவர் தம்மை நீ கேட்பதாக எண்ணுவார், அது அவர் பழக்கம்’ என்று காரணத்தைச் சொல்லித் தேர்வைக் குழந்தையிடம் விடுவது மற்றொரு முறை. பின்னதில் குழந்தை பார்வையுள்ளோரின் உலகைக் குறித்த அறிவைப் பெறுகிறது. தான் குறையுடையவன் என்னும் முத்திரையைப் பெறுவதில்லை. இடையீட்டு ஆய்வுகள் எம்முறையைக் கையாண்டன என்பதைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. குறிப்பு சென்றடையாமை என்னும் வகையைச் சேர்ப்பதால் ஏனைய இரு வகைகளும் இல்லாமல் போவதில்லை. உண்மையில் பழகத் தெரியாத, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. பீட்டர் ஹாப்சனும் அவர்தம் குழுவினரும், பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளிடம் மதியிறுக்கத்தை ஒத்த கூறுகள் காணப்படுவதை 1990களில் ஆராய்ந்தனர். அத்தகைய குழந்தையின் தேவையைச் சூழலின் குறையென்று மட்டும் கூறி ஒதுக்கினால் உரிய உதவி தாமதமாகும். ஆகவே வேண்டுவது வகைகளைப் பிரித்தறியும் கருவி.

7. பரிந்துரைகள்

முதலாவதாக, ஒரு நடத்தை நிகழாமையைப் பதியும் ஒவ்வொரு முறையும், அதற்குரிய குறிப்பு ஒலியாகவோ தொடுதலாகவோ குழந்தையை அடைந்ததா என்பதையும் பதிய வேண்டும். அடையாத நிகழ்வுகளைக் குழந்தையின் மதிப்பெண்ணில் சேர்க்கலாகாது.

இரண்டாவதாக, உற்றுநோக்கலுக்குப் பின் குழந்தையோடு சிறு உரையாடல் நிகழ்த்தி, அவ்வேளையில் நடந்தவற்றை அது எவ்வளவு அறிந்திருந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும். இதற்குச் செலவு இல்லை. சில மணித்துளிகள் போதும்.

மூன்றாவதாக, ஒப்பார் குழுவின் நடத்தையும் அளவீட்டுக்கு உட்பட வேண்டும். பெயர் சொல்லி அழைத்தார்களா, விளையாட்டின் போக்கைச் சொன்னார்களா, விலகும்போது தெரிவித்தார்களா என்பவற்றை எண்ணினால் இடையீட்டின் இலக்கு இருபுறமும் அமையும்.

நான்காவதாக, தமிழில் அளவுகோல் ஆக்குவோர் பார்வையற்ற பட்டதாரிகளையும் ஆசிரியர்களையும் கூற்றுகளை உருவாக்கும் நிலையிலேயே சேர்க்க வேண்டும். தங்கள் பள்ளிப் பருவத்தில் எவை உதவின, எவை புண்படுத்தின என்பதை அவர்களே அறிவர்.

முடிவுரை

பார்வைக் குறைபாடுடைய குழந்தையின் சமூகத்திறனைப் பேசும் ஆய்வுகள் நல்ல நோக்கத்தோடு தொடங்கியவை. அவற்றின் கருவிகளோ பார்வையுள்ளோரின் பழக்கத்தை அளவாகக் கொண்டவை. அக்கருவிகள் திறனின்மையையும் குறிப்பு சென்றடையாமையையும் வேறுபடுத்துவதில்லை. நம்பகத்தன்மை உயர்ந்திருக்கும்போதே ஏற்புடைமை வீழ்ந்திருக்கலாம் என்பதும், தமிழ்ச்சூழலின் விளிமுறை சார்ந்த நுண்திறன்கள் அளக்கப்படாமல் விடப்படுகின்றன என்பதும் மேற்கண்ட ஆய்வால் பெறப்படும். இருதரப்பையும் அளக்கும் கருவியும், காரணத்தைச் சொல்லிக் கற்பிக்கும் பயிற்சியும் இத்துறையின் உடனடித் தேவைகள்.

தாழ்வாரப் படியில் அமர்ந்திருந்த மாணவனைக் குறித்த என் மூன்று நாள் பதிவுகளை முன்னோட்ட ஆய்வின் தரவுகளிலிருந்து நீக்கவில்லை. பிழையான பதிவுகள் என்ற குறிப்போடு பின்னிணைப்பில் வைத்திருக்கிறேன். முதன்மைக் களப்பணிக்கான புதிய படிவத்தில், ‘இவ்வேளையில் குழந்தையை யாரேனும் பெயர் சொல்லி அழைத்தார்களா?’ என்னும் வினாவே முதலில் இடம்பெற்றுள்ளது.